உறுப்பா, காரணியா? கம்யூனிட்டி காலேஜில் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா

இன்டர்மீடியட் அல்ஜீப்ராவில் தேறாமல் போகிறவர்களின் விடைத்தாளைப் புரட்டினால், மதிப்பெண் போன இடம் பெரும்பாலும் மடக்கையாகவோ பரவளையமாகவோ இருக்காது. (அ + 6)/6 என்று ஒரு பின்னம் வந்திருக்கும். மேலே ஒரு 6, கீழே ஒரு 6. இரண்டையும் அடித்துவிட்டு, விடை அ என்று எழுதியிருப்பார்கள். அ-வுக்கு 6 என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள். பின்னத்தின் மதிப்பு 12/6, அதாவது 2. எழுதிய விடையின் மதிப்போ 6. செமஸ்டர் முழுக்க இதே தவறு வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வரும். முதல் இரண்டு வாரத்திலேயே அதை அடையாளம் கண்டுகொள்கிறவர்களுக்கு மீதிப் பாடம் பாதி சுமைதான். (மாறிகளை இங்கே அ, ஆ என்று எழுதுகிறேன். வகுப்பில் எக்ஸ், ஒய் என்று வரும்.)

ஆனால் வகுப்பில் சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வகுப்பு உங்களுக்குத் தேவையா?

அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களில் கணக்குப் பாடம் நெடுங்காலமாக ஒரே வரிசையில் போனது. எண்கணிதம், பிரீ-அல்ஜீப்ரா, எலிமென்டரி அல்ஜீப்ரா, இன்டர்மீடியட் அல்ஜீப்ரா, அதற்கு மேல் காலேஜ் அல்ஜீப்ரா, பிரீகால்குலஸ், புள்ளியியல். நாலாண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது பட்டத்துக்கு எண்ணப்படுவது பொதுவாக இன்டர்மீடியட்டுக்கு மேலே உள்ளவை மட்டுமே. அதுவரை படித்ததெல்லாம் அங்கே நுழைய அனுமதி, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் 2009 இலையுதிர் செமஸ்டரிலிருந்து இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்கே இன்டர்மீடியட் அல்ஜீப்ரா குறைந்தபட்சத் தகுதி என்று ஆனது. அதற்கு முன் எலிமென்டரி போதும். இலக்கியமும் சமூகவியலும் படிக்க வந்தவர்கள் பலர் இந்த ஒரு வகுப்பில் சிக்கிப் படிப்பையே விட்டார்கள். கீழ்ப்படியில் தொடங்கியவர்களில் பெரும்பகுதி மேல்படியை எட்டவே இல்லை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் தோற்கிறார்கள், தேறியவர்களிலும் கொஞ்சம் பேர் அடுத்ததில் சேருவதில்லை. படி கூடக்கூட இழப்பும் கூடிக்கொண்டே போகும்.

அதனால்தான் 2017-இல் ஏபி 705 என்ற சட்டம் அங்கே வந்தது. மாணவர் ஒரே ஆண்டில் பல்கலைக்கழக நிலைக் கணக்கை முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ, அந்த வழியில்தான் கல்லூரி அவரைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2019 இலையுதிர் செமஸ்டரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2022-இல் ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. இன்று கலிஃபோர்னியாவில் புதிதாகச் சேருகிற மாணவர் பெரும்பாலும் நேரே புள்ளியியலிலோ காலேஜ் அல்ஜீப்ராவிலோ உட்காருகிறார். கூடவே ஒன்றிரண்டு யூனிட்டுக்கு (யூனிட் என்பது வகுப்பின் அளவைச் சொல்லும் கணக்கு) கோரிக்விசிட் என்ற துணை வகுப்பு. இன்டர்மீடியட்டில் சொல்லித்தந்ததை அங்கே தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்குச் சொல்லித்தருகிறார்கள். புள்ளியியல் போதும் என்றிருப்பவர்களுக்கு இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொறியியலுக்குப் போகிறவர் மட்டும் இதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பின் பெயர் அட்டவணையிலிருந்து போனாலும், அதில் இருந்த கணக்கு கால்குலஸில் அப்படியே காத்திருக்கிறது. வேறு பல மாநிலங்களில் வகுப்பு பழைய பெயரிலேயே நடக்கிறது. பாட எண் 100-க்குக் கீழே இருந்தால் அது பட்டத்துக்கு எண்ணப்படாத வகுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனவே கல்லூரியின் கௌன்சிலரை, அதாவது படிப்பு ஆலோசகரைப் பார்க்கும்போது “எனக்கு எந்த மேத்ஸ்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சேர நினைக்கும் படிப்பின் பெயரைச் சொல்லி, அதற்குக் கணக்கு எந்த வகுப்போடு முடிகிறது என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். உளவியல், சமூகவியல் என்றால் பெரும்பாலும் புள்ளியியலோடு முடியும். பொறியியல், கணினி அறிவியல் என்றால் கால்குலஸ். ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு முன்தகுதியாகப் பல கல்லூரிகள் இன்டர்மீடியட் அல்ஜீப்ராவையோ அதற்கு நிகரானதையோ கேட்கின்றன. நர்சிங் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு செமஸ்டரை இழப்பதுண்டு.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் கணக்கோடு முடித்துவிட்டு அங்கே போய், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் இருந்தபடி மறுபடி படிக்க நினைப்பவர்கள் பலர். அவர்கள் இந்த வகுப்பில் பணம் கட்டி உட்காரத் தேவையில்லாமலே போகலாம். காரணிப்படுத்துதல், விகிதமுறு கோவைகள், இருபடிச் சமன்பாடு, மூன்று மாறிச் சமன்பாடுகள் எல்லாம் நம் பத்தாம் வகுப்பிலேயே வந்தவைதான். மறந்திருக்கும், அவ்வளவே. எந்த வகுப்பில் சேரலாம் என்று முடிவு செய்ய பிளேஸ்மென்ட் தேர்வு நடத்தும் கல்லூரி என்றால், மூன்று நான்கு வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டு அதை எழுதினால் நேரே மேல் வகுப்புக்குப் போக வழியுண்டு. அக்யுபிளேசர் என்ற பிளேஸ்மென்ட் தேர்வில் ஒவ்வொரு கணக்குத் தாளும் 20 கேள்வி. நேரக் கட்டுப்பாடு இல்லை, மதிப்பெண் 200 முதல் 300 வரை. அலெக்ஸ் தேர்வில் 30 கேள்விவரை வரும், மதிப்பெண் 100-க்கு. இரண்டுமே உங்கள் விடைக்கேற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் வகை. அலெக்ஸில் முதல் முறைக்குப் பிறகு பயிற்சிப் பகுதி ஒன்று திறக்கும். அதில் உழைத்துவிட்டு மறுபடி எழுதினால் மதிப்பெண் ஏறும். முதல் மதிப்பெண்ணோடு நின்றுவிடுவது நல்ல வாய்ப்பை வீணடிப்பது.

சரி, வகுப்பு தேவை என்றே முடிவாகிறது. இப்போது கணக்குக்கு வருவோம்.

கூட்டலாலும் கழித்தலாலும் பிரிந்து நிற்பவை உறுப்புகள். பெருக்கலால் ஒட்டி நிற்பவை காரணிகள். அடிப்பது காரணியை மட்டுமே. அடுக்கு, மூலம், மடக்கை ஆகியவற்றின் எளிய விதிகள் எல்லாம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியவை. அவற்றைக் கூட்டலுக்கு இழுத்துவந்தால் விடை கெடும். (அஆ)² = அ²ஆ² சரி. ஆனால் (அ + ஆ)² என்பது அ² + ஆ² இல்லை. அஆ-வின் வர்க்கமூலம் இரு வர்க்கமூலங்களின் பெருக்கல் (இரண்டும் எதிர்மறை அல்லாதபோது). அ + ஆ-வின் வர்க்கமூலம் இரு வர்க்கமூலங்களின் கூட்டல் இல்லை. √(9 + 16) = 5, ஆனால் 3 + 4 = 7. 1/(அ + ஆ) என்பதும் 1/அ + 1/ஆ இல்லை. பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டலாகப் பிரியும், கூட்டலின் மடக்கை எதாகவும் பிரியாது. சந்தேகம் வந்தால் 2, 3 போன்ற சிறு எண்களைப் போட்டு இரு பக்கமும் மதிப்பைப் பாருங்கள். இருபது வினாடி வேலை. 0-ஐயும் 1-ஐயும் மட்டும் போடாதீர்கள். தவறான விதியும் அந்த எண்களுக்குச் சில சமயம் சரியாக வந்து ஏமாற்றிவிடும்.

வகுப்பின் முதல் மூன்று நான்கு வாரம் நேர்கோடுகள், சமனிலிகள், சமன்பாட்டுத் தொகுதிகள் என்று போகும். எலிமென்டரியில் பார்த்ததன் நீட்சி. சமனிலியில் எதிர்ம எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும் என்பதை மறக்கக் கூடாது. மட்டு மதிப்பில் |2அ − 5| < 7 என்றால் −7 < 2அ − 5 < 7 என்று ஒரே தொடராக எழுதி −1 < அ < 6 என்று முடிக்கலாம். > என்றால் தொடராக எழுதக் கூடாது, அ < −1 அல்லது அ > 6 என்று இரண்டாகப் பிரியும். இந்த வாரங்கள் சுலபமாகத் தெரிவதால் பலர் இங்கே தளர்ந்துவிடுகிறார்கள். இதே வாரங்களில்தான் தினம் அரை மணி நேரம் காரணிப்படுத்தலைப் பயிற்சி செய்திருக்க வேண்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து அது கைவராமல் எதுவுமே நடக்காது.

6அ² + 11அ − 10 வந்தால் ஊகித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்குங்கள்: −60. பெருக்கினால் −60, கூட்டினால் 11 வரும் இணை 15, −4. நடு உறுப்பைப் பிரித்தால் 6அ² + 15அ − 4அ − 10. இரண்டிரண்டாக எடுத்தால் 3அ(2அ + 5) − 2(2அ + 5). ஆக (3அ − 2)(2அ + 5). வழுக்கும் இடம் இரண்டாவது ஜோடி. −4அ − 10-இல் −2 வெளியே வரும்போது உள்ளே கூட்டல் குறி வர வேண்டும். அங்கே (2அ − 5) என்று எழுதினால் அடைப்புகள் பொருந்தாது. பொருந்தாதபோது கேள்வி தப்பு என்று நினைக்காமல் குறியைப் பாருங்கள். இந்த முறையைத் தொடங்கும் முன் எல்லா உறுப்புக்கும் பொதுவான காரணியை வெளியே எடுத்துவிட்டோமா என்று பார்ப்பது கட்டாயம். அதை விட்டால் எண்கள் தேவையில்லாமல் பெரிதாகி, விடையும் முழுமையாகாது.

அடுத்து விகிதமுறு கோவைகள், அதாவது மாறிகள் வரும் பின்னங்கள். வகுப்பின் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பின்னக் கணக்கில் உள்ள பழைய பலவீனமெல்லாம் இங்கே ஒரேயடியாக வெளியே வரும். கழித்தலை எடுத்துக்கொள்வோம்:

5/(அ − 2) − (அ + 3)/(அ − 2)

பகுதி (பின்னத்தின் கீழே இருப்பது) ஒன்றே. தொகுதியில் (மேலே இருப்பதில்) 5 − அ + 3 என்று எழுதினால் 8 − அ வரும், தவறு. கழித்தல் குறி முழுத் தொகுதிக்கும் உரியது. 5 − (அ + 3) என்று அடைப்புப் போட்டால் 2 − அ. இப்போது (2 − அ)/(அ − 2). மேலும் கீழும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறி, விடை −1. ஒரு அடைப்புக்குறி போட்டிருந்தால் இவ்வளவு அழகாக முடியும் கணக்கு.

இன்னொரு குழப்பம் கோவைக்கும் சமன்பாட்டுக்கும் இடையில். 2/(அ + 1) + 3/(அ − 2) என்பது கோவை. பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்து (5அ − 1)/((அ + 1)(அ − 2)) என்று எழுதிப் பகுதியோடு முடிக்க வேண்டும். பகுதியைத் தூக்கி எறிய உரிமை இல்லை. சமக்குறி இருந்தால் மட்டுமே இரு பக்கத்தையும் பொதுப் பகுதியால் பெருக்கிப் பின்னத்தை ஒழிக்கலாம். ஒழித்த பிறகு ஒரு கடமை சேரும். அ/(அ − 3) = 3/(அ − 3) + 2 என்பதை (அ − 3)-ஆல் பெருக்கினால் அ = 3 + 2(அ − 3), அதாவது அ = 3. ஆனால் 3-ஐப் போட்டால் முதலில் தந்த சமன்பாட்டில் பகுதி பூச்சியம். இதற்குத் தீர்வே இல்லை. கணக்கைத் தொடங்கும்போதே ஓரத்தில் “அ ≠ 3” என்று எழுதிவைத்துவிட்டால் கடைசியில் ஏமாற மாட்டீர்கள்.

வர்க்கமூலம் உள்ள சமன்பாட்டிலும் இதே எச்சரிக்கை. √(அ + 7) = அ − 5. வர்க்கப்படுத்தினால் அ + 7 = அ² − 10அ + 25. வலப்பக்கம் அ² + 25 என்று எழுதுபவர்களுக்கு விடை கிடைக்காமலே போகும், மறுபடி உறுப்பு-காரணிக் குழப்பம்தான். அ² − 11அ + 18 = 0 என்பதிலிருந்து 9, 2. 9-ஐப் போட்டால் 4 = 4. 2-ஐப் போட்டால் 3 = −3, ஆகாது. வர்க்கப்படுத்தும்போது குறி வேறுபாடு அழிந்துவிடுவதால் இல்லாத தீர்வு ஒன்று நுழைந்துவிடுகிறது. சரிபார்த்தல் இங்கே தீர்வின் ஒரு பகுதி. சரிபார்க்காமல் இரண்டையும் எழுதினால் மதிப்பெண் போகும்.

இருபடிச் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். கெடுவது கடைசி வரியில். 2அ² − 8அ + 3 = 0 என்றால் (8 ± √40)/4, அதாவது (8 ± 2√10)/4. இங்கே 8-ஐயும் 4-ஐயும் மட்டும் சுருக்கி 2 ± 2√10 என்று எழுதுகிறார்கள். தொகுதியில் இருப்பவை இரண்டு உறுப்புகள். இரண்டிலிருந்தும் 2-ஐக் காரணியாக எடுத்த பிறகுதான் சுருக்கலாம்: (4 ± √10)/2. கால்குலேட்டரில் −8-ஐ வர்க்கப்படுத்தும்போது அடைப்புக்குறி போடாவிட்டால் டிஐ-84 −64 என்றே காட்டும். அடுக்கை முதலில் செய்து எதிர்க்குறியைப் பிறகு போடுவதே அதன் முறை. √ குறிக்குள் 64 − 24-க்குப் பதில் −64 − 24 வந்து, மெய்த்தீர்வு இருக்கும் கணக்கைக் கலப்பெண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பரவளையத்தின் முனையைக் காண வர்க்கத்தை நிறைவாக்கும்போது, 2அ² − 12அ + 7-இல் 2(அ² − 6அ + 9) என்று அடைப்புக்குள் 9 சேர்த்தால் உண்மையில் சேர்ந்தது 18. எனவே வெளியே கழிக்க வேண்டியதும் 18. 2(அ − 3)² − 11. முனை (3, −11). மடக்கை கடைசி வாரங்களில் அவசரமாக வரும். 2-ஐ அடிமானமாகக் கொண்டு, அ-வின் மடக்கையும் (அ − 2)-இன் மடக்கையும் கூட்டினால் 3 என்றால், அ(அ − 2) = 8. தீர்வு 4, −2. எதிர்ம எண்ணுக்கு மடக்கை இல்லாததால் −2 தள்ளுபடி.

நேரத்தைப் பற்றி ஒளிவில்லாமல் பேச வேண்டும். நான்கு யூனிட் வகுப்பு என்றால் வாரம் 4 மணி நேரம் வகுப்பு, 8 மணி நேரம் வெளியே உழைப்பு. 16 வாரத்தில் வகுப்பு மட்டும் 64 மணி. அதையே ஆறு வாரக் கோடை வகுப்பில் எடுத்தால் வாரம் ஏறக்குறைய 11 மணி வகுப்பும் 21 மணி வீட்டு உழைப்பும் சேர்ந்து 32 மணி. முழுநேர வேலையோடு இது நடக்காது. கலிஃபோர்னியா வாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம், 4 யூனிட்டுக்கு 184. வாசி அல்லாதவர்களுக்குப் பல மடங்கு. பாடநூலுக்குச் செலவழிக்குமுன், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாகத் தரும் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா நூலைப் பாருங்கள். பல வகுப்புகள் அதையே பயன்படுத்துகின்றன. ஆனால் வீட்டுப்பாட மென்பொருளுக்கான அணுகல் குறியீடு வேண்டியிருந்தால் அதைத் தனியாக வாங்கத்தான் வேண்டும்.

அந்த மென்பொருளில்தான் இன்னொரு கண்ணி. மைலேப் போன்றவற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மாதிரிக் கணக்கைத் திறக்கும் பொத்தான் உண்டு. அதைத் திறந்துவைத்து எண்களை மட்டும் மாற்றிப் போட்டால் வீட்டுப்பாடத்தில் 95 வந்துவிடும். தேர்வில் அந்தப் பொத்தான் இருக்காது. ஓர் எடுத்துக்காட்டு: வீட்டுப்பாடம் 15, வினாடிவினா 15, மூன்று தேர்வுகள் 45, இறுதித் தேர்வு 25 சதவீதம் என்று ஒரு வகுப்பு மதிப்பிடுகிறது என வைத்துக்கொள்வோம். வீட்டுப்பாடத்தில் 95, வினாடிவினாவில் 75, தேர்வுகளில் சராசரி 62 என்றால் கையிலிருப்பது 53.4. சி கிரேடுக்கு 70 வேண்டும் என்றால் இறுதித் தேர்வில் 66.4 சதவீதம் எடுக்க வேண்டும், இதுவரை தேர்வுகளில் எடுத்த சராசரியைவிட அதிகம். அடுத்த வகுப்புக்குப் போக சி-க்குக் கீழே உதவாது. எனவே நோட்டில் முழுப் படிகளோடு எழுதுங்கள். மாதிரியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் பாருங்கள், மூடுங்கள், பத்து நிமிடம் கழித்து வேறு எண்களோடு வரும் கேள்வியைப் பார்க்காமல் போடுங்கள்.

முதல் தேர்வில் 50-க்குக் கீழே வந்தால் அந்த வாரமே ட்யூட்டரிங் சென்டருக்குப் போக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் அது இலவசம். “புரியவில்லை” என்று போகாதீர்கள். எங்கே நின்றுபோனீர்களோ அந்த வரியோடு நோட்டைக் கொண்டுபோங்கள். ஆசிரியரின் ஆபீஸ் ஹவருக்கும் இதுவே பொருந்தும்.

விலகுவது என்றால் தேதிகள் முக்கியம். கலிஃபோர்னியாவில் செமஸ்டரின் முதல் 20 சதவீதத்துக்குள் விலகினால் மதிப்பெண் பதிவான ட்ரான்ஸ்கிரிப்டில் தடயம் இருக்காது. அதன் பிறகு 75 சதவீதம்வரை விலகினால் டபிள்யூ என்று பதிவாகும். சராசரியைக் கெடுக்காது, ஆனால் ஒரே வகுப்பை எடுக்க அனுமதிக்கும் வாய்ப்புகளில் ஒன்றாக அது எண்ணப்படலாம். நிதியுதவி பெறுகிறவர்கள் எடுத்த யூனிட்டுகளில் ஒரு பங்கை முடித்துக் காட்ட வேண்டும், பல கல்லூரிகளில் அது 67 சதவீதம். டபிள்யூவும் அதில் முடிக்காததாகவே கணக்காகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் 12 யூனிட்டுக்குக் கீழே போகும்படி விலகினால் விசா நிலைக்கே ஆபத்து. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி பெறாமல் விலகும் பொத்தானை அழுத்தவே கூடாது.

தேறிய பிறகு அடுத்த கணக்கு வகுப்பை அடுத்த செமஸ்டரிலேயே எடுத்துவிடுங்கள். இடையில் ஒரு வருடம் விட்டால் முதலில் மறப்பது காரணிப்படுத்தலும் விகிதமுறு கோவைக் கழித்தலும். இடைவெளி தவிர்க்க முடியாதென்றால் வகுப்பு தொடங்கும் முன் இரண்டு வாரம், தினம் காரணிப்படுத்தலில் பத்து, பின்னக் கழித்தலில் ஐந்து, ஒவ்வொன்றையும் 2 அல்லது 3 போட்டுச் சரிபார்த்து.